காலையின் முதல் பிரேக்

நேற்று நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் உன் மகள் தன் காருக்காக இரண்டு பிரேக் பேட் பெட்டிகளைத் திறந்து என் முன்னால் வைத்தாள். புது பிரேக் பேடுக்கென்று ஒரு வாசனை உண்டே, பசையும் இரும்புத்தூளும் கலந்தது, அது எழுந்து வந்தது. "சித்தி, இதுல எதப் போட? அம்மைக்க வண்டிக்கு நீங்கதானே பாத்து வாங்கினீங்க?" என்றாள். அங்கே கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்தேன்.

குலசேகரத்திலிருந்து கோதையாற்று மலைப்பள்ளிக்குப் பாடம் நடத்த நாம் இருவரும் உன் காரில் போய்வந்த காலம். ஒரு சாயங்காலம் இறக்கத்தில் முன்சக்கரம் புகைந்தது; மிதித்த பிரேக் பிடிக்கவில்லை. நீ கியரைக் குறைத்து, ரப்பர்த் தோட்டத்து மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினாய். இறங்கி நின்று சிரித்தாய். "ஏட்டி, பரீட்சைப் பேப்பர் திருத்தாமலே போயிருப்போம்."

அதற்குப் பின் பத்து நாள் நான் போனும் கையுமாகத் தேடினேன். எவ்வளவு சூட்டையும் தாங்கும் பந்தய வண்டிப் பேட், துளை போட்ட டிஸ்க். மெக்கானிக் தயங்கினார். "டீச்சரே, இது சூடானாத்தான் நல்லா பிடிக்கும். நம்ம ஓட்டத்துக்குக் கம்பெனி சாமானே போரும்." நான் விடவில்லை. "அவ சொன்னா செரியாத்தான் இருக்கும், மாட்டுங்க," என்றாய் நீ.

மலையில் அது நன்றாகவே பிடித்தது. மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் சொன்னாய்: "காலையில மொத பிரேக் கொஞ்சம் தாமசிச்சுதான் பிடிக்குது, கேட்டியா."

"சூடானா செரியாவும்," என்றேன். திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். நீ தனியாகக் கிளம்பினாய். நல்ல மழை. உன் வீட்டிலிருந்து இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. பக்கத்து வழியிலிருந்து ஒரு டெம்போ பார்க்காமல் ரோட்டில் ஏறிவிட்டது. தப்பு டெம்போக்காரன்மேல் என்றார்கள். உன் பிரேக்கில் பழுதில்லை என்றும் சொன்னார்கள். பழுதில்லைதான். சூடாகவில்லை, அவ்வளவே.

உன் அடக்கத்தன்று உன் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வாய் திறக்கவில்லை. ஆறு வருஷமாகத் திறக்கவில்லை.

நேற்று உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் சொன்னது, நீ சொன்னது, நான் சொன்ன பதில். அவள் கையிலிருந்த பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் சித்தி. நீங்களாச் சொல்லட்டும்னுதான் கேட்டேன். அம்மா தினமும் நம்ம சந்துல நாலஞ்சு தடவ பிரேக்கச் சவிட்டிச் சவிட்டி சூடாக்கிட்டுதான் ரோட்டுக்கு ஏறுவா. அன்னைக்கு நேரமாச்சுன்னு நேரா போயிட்டா."

"அவ ஏன் அத மாத்தல மக்களே?"

"நானும் கேட்டேன். 'அவ எனக்காவத் தேடித்தேடி வாங்கினதுட்டி, மாத்தினா விசனப்படுவா'ன்னா."

பிறகு அவளே அங்கிருந்த மெக்கானிக்கிடம் கம்பெனி பேடும் டிஸ்கும் போடச் சொன்னாள். கை நீட்டி என்னை எழுப்பிவிட்டாள்.

உன்னைக் கொன்றது என் பிடிவாதம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதையாவது சுமந்துவிடலாம். இப்போது கண்ணை மூடினால், மழையில் அந்தச் சந்தில் நீ தனியாக உட்கார்ந்து, என் மனசு நோகக் கூடாதென்று, மிதித்துக்கொண்டே இருக்கிறாய். ஒரே ஒரு தடவை என்னோடு சண்டை போட்டிருக்கலாம் நீ.