தோன்யாவுக்குக் கிரீடம் பிடித்த ஞாயிறு

தல்கார்,
ஆகஸ்ட் மாதம்

அன்பு மகள் லீதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று கை தானாக எழுதப் பார்த்தது, நாங்கள் என்று சொல்ல இப்போது நானும் பூனையும்தான் மிச்சம், நான் சுகம், பூனையும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் தீமாவும் ஹானோவரில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீமாவின் இருமல் நின்றதா, காலையில் வெறும் வயிற்றில் குளிர்ந்த பாலைக் கொடுக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்பதில்லை. இந்த வருஷம் தக்காளி கொடி தாங்காமல் காய்த்திருக்கிறது, யாருக்காக ஊறுகாய் போட்டு மூடி வைப்பது என்று பாதியைப் பக்கத்துத் தோட்டவீட்டு ஷோல்பானுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் புருஷன் வந்து கூரை ஒழுகிய இடத்தை அடைத்துக்கொடுத்தான். போனில் நீ எது கேட்டாலும் நான் ம், ம் என்கிறேன் என்று உனக்குக் கோபம். பேச ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா போனதிலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, டாக்டரிடம் காட்டவேண்டும் என்று தோன்யாவிடம் சொன்னாயாம், என் சிநேகிதியானாலும் அவள் வாயில் எதுவும் நிற்காது என்று தெரிந்தும் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாயே. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகும் அல்லவா, அப்படித்தான் இருக்கிறது எனக்கு, வலியும் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தோன்யாவுக்குக் கல்யாணம் நடந்தது. பயப்படாதே, அர்காதியோடுதான். அவர்கள் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டது நீ பிறப்பதற்கு முன்னால், அவளுக்கு நான் சாட்சி, அவனுக்கு உன் அப்பா சாட்சி. சாமியே கூடாது என்ற அந்தக் கட்சி ஆட்சியில் தேவாலயத்தில் போய்க் கல்யாணம் செய்திருந்தால் அர்காதியின் வாத்தியார் வேலை போயிருக்கும், அப்புறம் வேலை போகாத காலம் வந்தபோது இத்தனை வயசுக்கு மேல் எதற்கு வேஷம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது தோன்யாவுக்குப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டதும், பட்டணத்து வீட்டுக்குப் போகமாட்டேன், தோட்டவீட்டில் ஆப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று இங்கே வந்துவிட்டாள். வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டு, “ராயா, கையெழுத்து மட்டும் போட்டவங்களை மேல போனா அங்க ஒண்ணா உக்கார வைப்பாங்களோ என்னவோ, எதுக்கு வம்பு, ஆண்டவர் முன்னாடி ஒரு தடவை முறையா நின்னுடறேன்” என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, பயந்துபோயிருந்தாள் லீதா, அவன் இல்லாமல் தனியாக எங்கேயாவது போய் உட்கார்ந்துவிடுவோமோ என்று சின்னப் பிள்ளை மாதிரி பயம். நோயாளி என்றால் வீட்டுக்கே வந்து நடத்திக்கொடுக்கலாம் என்று பாவெல் பாதிரியார் ஒப்புக்கொண்டார், ஆனால் மாதா நோன்பு தொடங்கிவிட்டால் அது முடிகிறவரை கல்யாணம் கிடையாது, இந்த ஞாயிறு விட்டால் அப்புறம்தான் என்றார். அவள் சிரித்துக்கொண்டே, “அப்புறம் வந்தீங்கன்னா என்னைக் கல்லறையிலதான் தேடணும் சாமி” என்றாளாம். ஆக, ஞாயிற்றுக்கிழமை விட்டால் அவளுக்கு வேறு நாள் இல்லை.

ஜெபம் முடிகிறவரை மணப்பெண் தலைக்கு மேலே ஒருவர் கிரீடம் தூக்கிப் பிடிக்கவேண்டுமே, என்னைத்தான் அவளுக்குப் பிடிக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். புருஷனைப் புதைத்தவள் கிரீடம் பிடித்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்று நம் ஜனங்கள் சொல்வது உனக்குத் தெரியாததா. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்றுகூட நான் யோசிக்கவில்லை, யோசிக்கிற இடமே உள்ளுக்குள் காலியாகக் கிடக்கிறது, வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் படுத்தபடியே என் ஏப்ரனைப் பிடித்து இழுத்து, “அன்னிக்குச் சாட்சி நின்னவ நீ. பாதியில கழண்டுக்கலாம்னு பாக்கறியாடி?” என்றாள். சரி என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை சீக்கிரமே போனேன். கேக் செய்ய மாவு பிசைந்தது நான், ஷோல்பான் ஒரு கூடை நிறைய அவர்கள் ஜனங்கள் பொரிக்கிற உருண்டை ரொட்டி கொண்டுவந்திருந்தாள். அர்காதி தலைக்கு எண்ணெய் தடவி, உன் அப்பாவோடு போய் வாங்கிய அந்தப் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான், பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிரியார் வந்து மோதிரங்களைக் கழற்றித் தாருங்கள், பீடமாகப் போட்ட மேசையில் வைத்து ஜெபித்துத் திரும்பப் போடவேண்டும் என்றார். தோன்யாவின் விரல் குச்சியாகிவிட்டதால் அவள் மோதிரத்தை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள், அது உடனே வந்துவிட்டது. அர்காதியின் மோதிரம் வரவில்லை. அத்தனை வருஷம் கழற்றாதது, விரல் அதற்கு மேலும் கீழுமாகப் புடைத்துக்கிடக்கிறது. சோப்புப் போட்டார்கள், வெண்ணெய் தடவினார்கள், அவன் அக்கா ஸோயா இழுக்கிற இழுப்பில் அவன் தள்ளாடுகிறான், தோன்யா கட்டிலிலிருந்து, “விடுங்க அக்கா, விரலோட பிடுங்கிடாதீங்க, கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை ஊனமாயிடப்போறான்” என்கிறாள். கடைசியில் நான் ஒரு கிண்ணத்தில் சூரியகாந்தி எண்ணெய் கொண்டுவந்து, விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, முறுக்கி முறுக்கிக் கழற்றினேன். வெள்ளையாக ஒரு பள்ளம் இருந்தது அந்த இடத்தில்.

அப்போதுதான் ஸோயா என் கையைப் பார்த்தாள். நம் வழக்கத்தில் புருஷன் போனதும் வலக்கைக் கல்யாண மோதிரம் இடக்கைக்கு மாறவேண்டும், நான் மாற்றவில்லை, மாற்றக்கூடாது என்றும் இல்லை, குளிர்காலத்திலிருந்து நாளைக்கு நாளைக்கு என்று அப்படியே கிடக்கிறது. ஸோயா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “கிரீடம் பிடிக்கப்போறது நீயா? வலக்கையில மோதிரம் போட்டுக்கிட்டா நீ விதவை இல்லேன்னு ஆயிடுமா? ஆண்டவரை ஏமாத்த முடியுமா? என் தம்பி வீட்டுக்கு இது ஆகாது” என்றாள். அவள் கெட்டவள் இல்லை லீதா, தம்பியை நினைத்துக் கலங்கிப்போயிருந்தாள், கலங்கினால் அவளுக்கு வாய் நீளும். எனக்கு உறைத்திருக்கவேண்டும், உறைக்கவில்லை. ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போகத் திரும்பினேன், தட்டுகள் கழுவாமல் கிடந்தன. தோன்யா இரண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். “அக்கா, எனக்கு இதுக்கு மேல ஆகாதது என்ன ஆகப்போகுது? ஏதாவது மிச்சம் இருந்தா சொல்லுங்க, கேட்டு வச்சுக்கறேன்” என்றாள். அங்கியை மாட்டிக்கொண்டிருந்த பாதிரியார், “திருச்சபையில அப்படி ஒரு விதியும் இல்லம்மா. பிடிக்கிறவங்களுக்குக் கையில பலம் இருக்கணும், அவ்வளவுதான்” என்றார். ஸோயா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

படுத்தபடியே நடத்தலாம், நாற்காலியில் உட்காரலாம் என்று பாதிரியார் எவ்வளவோ சொன்னார். “படுத்துக்கிட்டே கல்யாணம் பண்ணிக்க நான் என்ன பூசணிக்காயா” என்று சொல்லிவிட்டு நின்றாள். அவள் நெட்டை, நான் குட்டை, கை எட்டாதே என்று ஒரு மணைப்பலகை எடுத்துவைத்திருந்தேன், அது தேவைப்படவில்லை, அவள் அவ்வளவு குறுகிப்போயிருந்தாள். அர்காதிக்கு ஸோயாவின் மகன் பிடித்தான், அந்த இடம் உன் அப்பாவுடையது. கிரீடம் பார்க்கத்தான் மினுமினுப்பு, பிடித்தால் பாறாங்கல். தலையில் படக்கூடாது, அவள் தலையில் முடியும் இல்லை, வெள்ளைத் துணி கட்டியிருந்தாள், அதற்கு ஒரு விரல் மேலே பிடிக்கவேண்டும். ஜெபம் ஓடுகிறது, நிருபம் வாசிக்கிறார், ஒரே கிண்ணத்தில் இருவருக்கும் திராட்சைரசம் கொடுக்கிறார், என் தோள் முதலில் எரிந்தது, அப்புறம் அதுவும் மரத்துவிட்டது. ஷோல்பான் வாசலிலிருந்து, கையை மாத்திக்க என்று ஜாடை காட்டினாள். மாற்றவில்லை, ஏன் என்று கேட்காதே.

அப்புறம் இருவர் கையையும் தன் அங்கிப் பட்டையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாதிரியார் மேசையைச் சுற்றிக் கூட்டிப்போகவேண்டும், மூன்று சுற்று. முதல் சுற்று நடந்தாள். இரண்டாவது சுற்றில் அர்காதிமேல் சாய்ந்து காலை இழுத்துக்கொண்டு வந்தாள், பின்னாலிருந்து அவள் முதுகு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. மூன்றாவதுக்குக் கால் எடுக்கவில்லை. பாதிரியார் மெதுவாக, போதும் தாயே, ஆண்டவர் கணக்குப் பார்க்கமாட்டார் என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பேச முடியவில்லை, ஆனால் ஆட்டினாள், அவள் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்த்தேன், முழுசாக முடியவில்லையென்றால் செல்லாது என்று நினைக்கிறாள். என்ன செய்வது என்று எல்லோரும் நிற்கிறோம். அப்போது ஸோயா ஜன்னல் பக்கத்திலிருந்து விறுவிறுவென்று வந்தாள். “அவ நடக்கலைன்னா என்ன, மேசை நடக்கட்டும் சாமி” என்று சொல்லி, அந்தக் குட்டி மேசையைத் தூக்கிவிட்டாள். பூந்தொட்டி வைக்கிற மேசைதான், வேதப்புத்தகம் விழாமல் பாதிரியார் பாய்ந்து பிடித்தார். அவர் ஒரு கணம் யோசித்தார், பிறகு ஒரு கையில் புத்தகமும் மறு கையில் சிலுவையுமாக முன்னால் நடந்தார், பின்னால் ஸோயா மேசையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்கப் பாட்டுப் பாடியபடி நடந்தாள், நடுவில் அவர்கள் இருவரும் அசையாமல் நின்றார்கள். நானும் நின்றேன், கிரீடமும் நின்றது. சுற்று முடிந்ததும் தோன்யா, “ஆச்சா?” என்றாள். ஆச்சு என்றார் பாதிரியார். அர்காதி விக்கி விக்கி அழுதான், ஸோயா மேசையைக் கீழே வைக்க மறந்து அழுதாள், ஷோல்பான்கூட அழுதாள். எனக்கு வரவில்லை. கையைக் கீழே இறக்க முடியவில்லை, ஸோயாதான் வந்து என் கையைப் பிடித்து மெல்ல இறக்கி, முழங்கையைத் தேய்த்துவிட்டாள்.

ஆப்பிள் மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பிட்டோம். அவளைப் போர்வை சுற்றி நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். விருந்தென்றால் யாராவது கசக்குது, கசக்குது என்று கத்தி மணமக்களை முத்தமிட வைக்கவேண்டும் அல்லவா, ஒருவருக்கும் வாய் வரவில்லை, எல்லோரும் தட்டைப் பார்த்துத் தின்கிறோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு தோன்யா, “இது கல்யாண வீடா, கருமாதி வீடா? நான் இருக்கறப்பவே ஏன் இப்படி மென்னுக்கிட்டிருக்கீங்க? ராயா, நீதான் சாட்சி, கத்து” என்றாள். நான் கசக்குது என்றேன். அடுப்பில் பால் பொங்குது என்கிற குரலில் வந்தது. அவள் அவ்வளவு சிரித்தாள் லீதா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அர்காதி அவள் நெற்றியில் முத்தமிட்டான், இல்லை அங்க இல்லை என்று அவனை அதட்டி வாயில் வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் கிளம்பியபின் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், வெயில் தாழ்ந்திருந்தது. கூப்பிட்டாள், போனேன். கட்டில் பக்கத்தில் அந்த எண்ணெய்க் கிண்ணம் இன்னும் இருந்தது. “கையைக் குடுடி” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “நான் போனப்புறம் இதை உனக்கு யாரு பண்ணுவா? லீதா ஜெர்மனியில இருக்கா, ஸோயா விரலோட பிடுங்கிடுவா” என்றாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. என் வலக்கை விரலில் எண்ணெய் விட்டாள், அவள் கையில் பலமே இல்லை, திருகுகிறாள், நிறுத்துகிறாள், மூச்சு வாங்குகிறாள், மறுபடி திருகுகிறாள். நான் இழுத்திருந்தால் வந்திருக்கும், நான் இழுக்கவில்லை, அவளே கழற்றட்டும் என்று இருந்தேன். கழற்றினாள். இடக்கையில் போட்டாள், எலும்பில் முட்டி நின்றது, அழுத்தித் தள்ளினாள். “உன் புருஷன் ஸ்தெபான் போயிட்டான், ராயா” என்றாள். தெரியும் என்றேன். “தெரியும்னு இன்னிக்குத்தான் சொல்றே” என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள்.

அழவில்லை, நீ கேட்பாய் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இடக்கை விரல் கொஞ்சம் பருமன் போலிருக்கிறது, மோதிரம் இறுக்கி, சுற்றிச் சிவந்து வீங்கியிருக்கிறது, இதை எழுத இடக்கையால் காகிதத்தை அழுத்திப் பிடிக்கும்போதெல்லாம் வலிக்கிறது. நன்றாகவே வலிக்கிறது. கழற்றப்போவதில்லை. டாக்டர் பேச்சை இத்தோடு விடு.

உன்னையும் மாப்பிள்ளையையும் தீமாவையும் ஆண்டவர் காப்பாற்றட்டும், ஒரே வீட்டில் ஒரே கூரையின்கீழ் வெகுகாலம் வைக்கட்டும். குளிர் வருமுன் தீமாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்புகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அன்றே தோன்யாவைப் போனில் கூப்பிடு, ஞாயிறு வரட்டும் என்று தள்ளிப்போடாதே. உடம்பு எப்படி என்று கேட்காதே. கல்யாண வாழ்த்துச் சொல்லு, புதுப்பெண்ணிடம் பேசுகிறமாதிரி பேசு. அவள் எடுக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடு, நான் ம், ம் என்று சொல்லமாட்டேன்.

உன் அம்மா,
ராயிசா