எண்ணூர் முகத்துவாரத்தில் வற்று நேரம்

ஜானட் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தூத்துக்குடியில் உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டதாக உங்கள் அண்ணன் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவரோடு நம் பாய்மரப் படகில் போனேன். காட்டுப்பள்ளியிலிருந்து ஆற்றோடு இறங்கி எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தோம். ஜானட் கடைசியாக உங்களோடு வந்த அதே வழி. அன்றைக்குப் போலவே, தண்ணீர் கடலுக்கு வடியும் வற்று நேரத்தில்தான் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். துணைக்கு ஒரு விசைப்படகு பின்னால் வந்தது.

பாலம் தாண்டியதும் காற்று நின்றுவிட்டது. ஆற்றுத் தண்ணீர் மொத்தமும் கடலுக்கு ஓடியது. சுக்கானை இரண்டு கையாலும் இழுத்தேன். படகு திரும்பவே இல்லை. அலைக்குக் குறுக்கே போய்ச் சாய்ந்தது. விசைப்படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்தார்கள்.

“இன்னாம்மா, பாத்துக்கினியா? இந்தத் தண்ணில எவன் கை நிக்கும்?” என்றார் அண்ணன்.

நீங்கள் சுக்கானை ஒழுங்காகப் பிடித்திருந்தால் பிள்ளை உயிரோடு இருந்திருப்பாள் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிச் சொல்ல மாட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

அவள் கட்டில் அங்கேயே கிடக்கிறது. தனியாக என்னால் தூக்க முடியவில்லை. நீங்கள் வந்தால் ஒரு பக்கம் பிடிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி