ஆறு மணியைத் தாண்டுகிறவர்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்தாயா என்று முதலில் எழுது. பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் என்று மாப்பிள்ளை சொன்னார். தையல் கடையில் இரண்டு மாத விடுப்பு கேட்டுவிட்டேன். முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

"நீ மட்டும் வாம்மா, அப்பா வேண்டாம்" என்று நீ சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் அவர் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். உன் கல்யாண மேடையில் அவர் குடித்துவிட்டு விழுந்ததை நானும் மறக்கவில்லை. உன்னையும் மறக்கச் சொல்லமாட்டேன்.

பஸ் ஓட்டக்கூடாது என்று நிறுத்திய பிறகு, அவருக்கு டிப்போவில் டயருக்குக் காற்று பார்க்கிற வேலை. அங்கிருந்துதான் குடியை விடுவதற்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அதோடு புதன்கிழமைதோறும் ஒரு நர்ஸம்மா தியான வகுப்பும் நடத்துகிறார். மூச்சு விடுவதற்கும் ஒரு வகுப்பா என்று நான் சிரித்தேன். குடிக்கத் தோன்றினால் அதோடு சண்டை போடாதே, அது உடம்பில் எங்கே கிளம்புகிறது, எப்படி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இரு, தானாக இறங்கும் என்பதுதான் பாடமாம். அப்பா தன் பாஷையில் சொன்னார்: "பின்னால வர்றவன் ஹார்ன் அடிச்சா பதறக் கூடாது. ஓரமா விட்டா அவனே தாண்டிப் போயிடுவான்."

சாயங்காலம் ஆறு மணிதான் அவர் குடிக்கப் போகிற நேரம் என்பது உனக்குத் தெரியும். ஒருநாள் அந்த நேரத்துக்கு நான் வீடு திரும்பியபோது, சமையலறை நாற்காலியில் கண்ணை மூடி, தலை தொங்க உட்கார்ந்திருந்தார். மறுபடி குடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே தலையில் கொட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றியிருக்கலாம். நான் ஊற்றிவிட்டுத்தான் முகர்ந்தேன். தேநீர் வாசனைதான் வந்தது. அவர் கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாதியில கலைச்சுட்டியே, இனி முதல்ல இருந்து உக்காரணும்" என்று சொல்லி, ஈரச் சட்டையோடு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் செம்பும் கையுமாக நின்று அழுதேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும். எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. போன மாதம் டிப்போவில் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து. அன்று குடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அவராகவே சொன்னார்; இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. நர்ஸம்மா போன் செய்து, விழுந்ததை மறைக்காமல் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். போனார். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு நாள். நாட்களை அவர் எண்ணுவதில்லை, நான்தான் எண்ணுகிறேன். இனி விழவே மாட்டார் என்று உனக்கு என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நீ வேண்டாம் என்றதை அவரிடம் சொன்னேன். "அவ சொல்றது நியாயந்தான், நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தார். ஆனால் ஆறு மணிக்கு இந்த வீட்டில் அவர் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பு அங்கேயும் நினைப்பு இங்கேயுமாக இருந்தால் உனக்கு நான் என்ன துணை?

குழந்தையை அவர் கையில் கொடு என்று கேட்கவில்லை. ஒரு மூலையில் இருக்கவிடு. முடியாது என்றால் நான் தனியாகவே வருகிறேன். வருத்தம் இருக்கும், காட்டமாட்டேன்.

நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். எப்படி முடிவெடுத்தாலும், பிள்ளை பிறந்த சேதியை அவருக்கு என்னைச் சொல்ல வைக்காதே. நீயே சொல்லம்மா.

உன் அம்மா