கபரகொயாவை அடித்த அன்று

பன்வில,
திங்கள் காலை.

கம்பளையில் தாய் வீட்டில் இருக்கிற என் வீட்டுக்காரிக்கு,

பிள்ளையை அனுப்பச் சொல்லி நீ எழுதிய மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் போடாதது என் திமிர்தான்.

சனிக்கிழமை தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து நீர்கொழும்புப் பக்கம் சதுப்பு நிலச் சரணாலயம் பார்க்கப் போனோம். சின்னவளையும் கூட்டிப் போனேன். கண்டல் மரங்களுக்குள் படகு நுழைந்தபோது, தாழ்ந்த கிளையிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒன்று எங்கள் காலடியில் விழுந்தது. மலையில் கிடக்கிற எனக்கு அது முதலை. துடுப்பைப் பிடுங்கி அடித்தேன். தேயிலைக்குள் பாம்பைக் கண்டால் தலை நசுங்கும்வரை அடித்துப் பழகிய கை.

"அண்ணே, விடுங்க! அது கபரகொயா, உடும்பு மாதிரி, ஒண்ணும் செய்யாது!" என்று படகுக்காரன் கத்தினான்.

எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் அடித்தேன். அதன் வால் அடங்கி, என் சட்டையெல்லாம் இரத்தமாகி, துடுப்பு முறிந்த பிறகுதான் நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் சின்னவள் படகில் உட்காரும் பலகைக்கு அடியில் சுருண்டு கிடக்கிறாள். இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தாள். அடுப்படி மூலையில் நீ கிடப்பாயே, அப்படியே. தூக்கப் போனேன். கண்ணைத் திறக்காமல் நீ சொல்வதைச் சொன்னாள்.

"போதுங்க, புள்ள பாக்குது."

இன்று அவளை என் அக்காவோடு அனுப்புகிறேன். கூட வர என் கால் துடிக்கிறது, வரமாட்டேன். என்றைக்காவது நான் வந்து நின்றால் கதவைத் திறக்காதே.

இப்படிக்கு,
சின்னவளின் அப்பன்