யார் முதலில் வைப்பது

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

இதைப் போனில் சொன்னால் பதறிப்போய் உடனே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கம்பெனி வேலையாகப் இங்கிருந்து பக்கத்து நாட்டுக்குப் பஸ்ஸில் போனேன் அல்லவா? அன்றும் பேசி முடித்ததும் "நீ வைம்மா" என்றேன். "நீ வைடா" என்றாய். வழக்கம்போல இரண்டு பேரும் வைக்கவில்லை. நான் அப்படியே தூங்கிவிட்டேன். பஸ் எல்லையைத் தாண்டிய பிறகும் வீடியோ கால் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கே நெட்டுக்குத் தனிக் கட்டணம் என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன் பில்லைப் பார்த்துவிட்டு, "யாருடா, லவ்வரா?" என்றான்.

"அம்மா."

"அவ்வளவு நேரம் என்னடா பேசுனீங்க?"

"பேசல. அம்மா பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க."

அவன் சிரிக்கவில்லை. "அடுத்த தடவை ஸ்பீக்கர்ல போடு" என்றான்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். அதற்காக, இனிமேல் பேசியவுடன் வைத்துவிடலாம் என்று சொல்லிவிடாதே. அறையில் வைஃபை இருக்கிறது, செலவே இல்லை.

ஒரு சின்ன உதவி. போனை ஹாலில் வைக்கிற நாளில் டிவி சத்தம்தான் வருகிறது. சமையல் மேடையில், பருப்பு டப்பாமேல் சாய்த்து வை. நான் பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைக்காதே. கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

கீழே வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. கடிதம் என்பதால் இந்த முறை நானே முதலில் வைக்கிறேன்.

உன் மகன்