வெளியே நிற்கும் பெயர்

பிப்ரவரி 9

காற்று. ஹெலிகாப்டர் வரவில்லை. விருந்தினர் யாரும் இல்லாவிட்டாலும் எங்கள் விடுதியின் மூன்று அறைகளையும் துடைத்தேன். சும்மா இருந்தால் அழுகை வருகிறது.

கடல்பனி உடைந்து அண்ணன் உள்ளே போய் இன்றோடு முப்பது நாள். அவன் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. புதிதாகப் பிறக்கும் ஒரு பிள்ளைக்கு வைக்கும்வரை அந்தப் பெயர் வெளியே குளிரில் நிற்கும் என்கிறாள் அம்மா. அவள் நம்புகிறாள். நானா? நானும்தான், வேறென்ன.

பிப்ரவரி 16

அம்மா இன்றும் சூப்பைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். "ஊருல யாராவது முழுகாம இருக்காங்களா, மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் பிறந்தபோது, செத்துப்போன அவளுடைய தாய்மாமன் பெயரைப் பெண்பிள்ளையான எனக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஏக மரியாதை. "மாமா, சட்டியத் தேச்சீங்களா?" என்பாள். தேய்ப்பது என்னவோ நான்தான்.

ஊரில் அறுபத்திரண்டு பேர். ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். ஒருத்தியும் இல்லை.

மார்ச் 11

ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும், ஐயோ இவளா என்றிருந்தது. ரிக்கே. டென்மார்க்கில் ஆல்போர்க்காரி. போன ஏப்ரலில் எட்டு நாள் எங்கள் விடுதியில் தங்கினாள். அண்ணன் தன் நாய்வண்டியில் கூட்டிப்போனான். நாய்களை அதட்டுகிறான் என்று அவனையே அதட்டினாளாம். திரும்பும்போது புயல் பிடித்துக்கொள்ள, வழிநெடுக வசவு. 'மழைமூஞ்சி' என்று அண்ணன் பெயர் வைத்தான். அவளைக் கண்டாலே ஒரு கண்ணை மூடி மூக்கைச் சுருக்குவான். நானும் அம்மாவும் சமையலறையில் போய்ச் சிரிப்போம்.

கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். "உங்க அண்ணன் எங்க?"

சொன்னேன். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிடும்போதுதான் பார்த்தேன், கோட்டுப் பொத்தான் வயிற்றில் பூட்டவில்லை. ஐந்து மாதமாம்.

மார்ச் 12

பொட்டலத்தில் கம்பளிக் கையுறை. அவளே பின்னியது. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

அந்தப் புயலில் அண்ணன் தன் கையுறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஆறு மணி நேரம் நாய்களுக்கு முன்னால் நடந்து, கம்பால் பனியைக் குத்திப் பார்த்தே கொண்டுவந்தானாம். எங்களிடம் சொல்லவே இல்லையே. குளிரில் கை கொப்பளித்திருந்ததற்கு அடுப்பு சுட்டது என்றான், படுபாவி.

"ஒரு நன்றிகூடச் சொல்லாம போய்ட்டேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் உறைச்சுது. அதச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள் ரிக்கே.

அவளை என்னவெல்லாம் சொல்லிச் சிரித்தோம். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14

அம்மா எழுந்துவிட்டாள். ஆனால் தான் சாப்பிடவில்லை, ரிக்கேவுக்கு ஊட்டாத குறை. சீல் ஈரலில் நல்ல துண்டெல்லாம் அவளுக்கு. பிறகு அவள் வயிற்றுப் பக்கம் குனிந்து, "வாடா. வெளிய குளிருதில்ல, உள்ள வந்துரு," என்றாள்.

ரிக்கேவுக்கு எங்கள் மொழி தெரியாது. "என்ன சொல்றாங்க?"

"உங்களுக்குக் குளிருதான்னு கேக்குறாங்க," என்றேன். பொய். உன் பிள்ளைக்கு அண்ணன் பெயரை வை என்று வந்த விருந்தாளியிடம் போய் எப்படிக் கேட்பது?

அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போனேன். "அவனுக்கு அவளப் பிடிக்கவே பிடிக்காதேம்மா."

"பொறுத்துக்குவான். நான் உங்களப் பொறுத்துக்கலையா, மாமா?"

மார்ச் 16

இன்று கேட்டே விடுவது என்று போனேன். காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 18

கேட்டுவிட்டேன். ஹெலிகாப்டர் சத்தம் கேட்ட பிறகு, அவள் காலணி மாட்டும்போது. அந்தப் பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப அவர் பேரை, அதான் —" என்று சொல்லவந்தவளின் வாயைப் பொத்தினேன். விருந்தாளி வாயை!

அவள் கோபப்படவில்லை. "என் வீட்டுக்காரர்கிட்டப் பேசணும்," என்றாள். கையுறையை அண்ணனின் வண்டியில் கட்டிவிட்டுப் போனாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்துக் கையாட்டினாள்.

ஏப்ரல் 20

ஒரு தகவலும் இல்லை. அம்மா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

மே 30

கேட்டது தப்போ? தப்பாகவே இருக்கட்டும். அவள் வந்திருக்காவிட்டால் அந்தக் கொப்புளத்தின் கதை எனக்குத் தெரிந்திருக்காது. என் அண்ணன் அப்படிப்பட்டவன் என்று, அவன் போன பிறகு ஒருத்தி இத்தனை தூரம் வந்து சொல்லியிருக்கிறாள். இதுவே பெரிது. சத்தியமாகப் பெரிது.

அம்மாவிடம் இதைச் சொன்னால் அடிப்பாள்.

ஜூலை 13

ரிக்கே தொலைபேசியில். அழுகிறாள்.

"பிறந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அவரும் சரின்னுட்டார். ஆனா… மன்னிச்சுக்குங்க. பொண்ணாப் போச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுக்கென்ன?"

"பொண்ணுக்கு எப்படி அவர் பேரை வைக்கிறது?"

எவ்வளவு நேரம் சிரித்தேனோ. கண்ணில் தண்ணீர் கொட்டியது, அது சிரிப்பால் மட்டும் இல்லை. "ரிக்கே, எங்கம்மாவுக்கு நான் யார் தெரியுமா? மாமா."

அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "அப்ப வெச்சாச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க," என்றாள்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் காதைத் தீட்டி நின்ற அம்மா தொலைபேசியைப் பிடுங்கி, "மகனே, சாப்பிட்டியா?" என்று கத்தினாள்.

மாலையில் ஊரே காபி குடிக்க வந்தது. எல்லோரும் வாசலில் காலணியைக் கழற்றும்போதே அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். நானும் எழுதுகிறேன்.

ஆசர். ஆசர். ஆசர்.

அம்மா இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள்.

ஆகஸ்ட் 21

கப்பலில் தபால் வந்தது. புகைப்படம். ரிக்கே குனிந்து கொஞ்சுகிறாள். பிள்ளை அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கியிருக்கிறது.

"அண்ணா, சும்மா இரு. அவங்கதான் உனக்குப் பால் கொடுக்கணும்," என்றேன் படத்திடம்.