பூஜ்யம் சமம் பதினெட்டு

ஜூலை 8
பதினோராம் வகுப்பு மக்களுக்குத் துயரத்துடன் அறிவிப்பது: இன்று காலை பத்து இருபதுக்கு, அயாஸ் ஆகிய நான் வைத்திருந்த பேனா மூடி காலமானது. கடித்தே கொன்றேன். ஊர்வலம் கிடையாது.

இன்னொரு சின்னச் செய்தி. தெரசா டீச்சர் போர்டில் x² + y² = 25, x² − y² = 7 என்று எழுதிவிட்டு ரிஜிஸ்டர் எடுக்கப் போனார். அந்த மைனஸுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பிளஸ்! திரும்பி வந்தவர் கணக்கைப் போட என் பெஞ்சுக்காரன் குருவை அழைத்தார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தான். x² போச்சு, y²-உம் போச்சு. மிச்சம்: 0 = 18. வகுப்பே உருண்டு சிரித்தது.

ஜூலை 9
சிரிப்புக்குப் பிறகு நடந்ததை நேற்று எழுதவில்லை.

"கணக்கு வரலைன்னா வரலைன்னு சொல்லு. எதுக்குடா மைனஸத் திருத்துன?" என்று டீச்சர் அவனைக் கேட்டார். குரு என் விரலைப் பார்த்தான். சாக்பீஸ் தூள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மணி அடிக்கும்வரை நின்றான்.

இன்று கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். எல்லோரும் 'பதினெட்டு' என்றே கூப்பிடுகிறார்கள்.

போகட்டும். பெஞ்சு முழுக்க எனக்கு, ராஜா மாதிரி. அவனுக்குக் கணக்குச் சொல்லித் தருவதே நான்தான். தவிப்பான் பாரு.

ஜூலை 11
ராஜா தனியாகச் சாப்பிட்டார்.

ஜூலை 15
சாயங்காலம் காரிமங்கலம் சந்தை. குரு அவன் அப்பாவோடு உட்கார்ந்து தக்காளியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய் குரு, தக்காளிக்கு வர்க்கமூலம் என்னடா?"

அவன் அப்பாதான் சிரித்தார். "ஏன் தம்பி, வூட்டுப் பக்கமே காணோம்?"

அப்போ அவர்கிட்டயும் சொல்லல. ஏன்டா சொல்லல? நாலு வார்த்த திட்டிட்டாவது போயேன்டா—

ஜூலை 18
டெஸ்டில் அதே கணக்கு. இரண்டையும் கூட்டினேன், y² ஒழிந்தது, 2x² = 32. x = 4, y = 3. ஐந்தே நிமிடம்! மீதி நேரமெல்லாம் பக்கத்தில் குரு உட்காரும் இடத்தில் இருந்த என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 21
ஐந்துக்கு இரண்டு. "மைனஸ் நாலோட வர்க்கமும் பதினாறுதானே? நாலு ஜோடி விடைடா. ஒண்ணோட நிறுத்திட்ட" என்றார் டீச்சர்.

குருவுக்கு ஐந்து.

ஜூலை 22
யாரும் கூப்பிடாமலே போர்டுக்குப் போனேன். அந்தக் கணக்கை எழுதி மைனஸைக் காட்டினேன். "அன்னிக்கு இதுல கோடு போட்டது நாந்தானுங்க டீச்சர். குரு இல்லீங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீச்சர் போர்டைக் காட்டினார். "சரி, போட்டு முடி."

x = 4 என்று எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"மைனஸ எங்கடா?"

குருதான். இடம் மாறி வரவில்லை. ஆனால் பதினான்கு நாளில் என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

ஒன்பதாம் தேதி எழுதியதை இங்கே திருத்திவிடுகிறேன். நான் அவனுக்குக் கணக்குச் சொல்லித் தந்ததே கிடையாது. ஒவ்வொரு தடவையும் x-ஐ எழுதிவிட்டு நான் நிமிர்ந்தால், முழங்கையால் இடித்து இதையேதான் கேட்பான். நான் பீற்றிக்கொண்ட அஞ்சுக்கு அஞ்செல்லாம் அந்த இடியில் வந்தவை.